பன்னிரண்டாம் இயல்

“பைண்டிங்ல வுட்டுப்போச்சு மேடம். கடைசிப் பாடமே இல்ல. வேற புக்கு குடுங்க” என்று ரோஸ்லின் புத்தகத்தை நீட்டினாள்.

அபிஷேகப்பாக்கத்தில் வயலை ஒட்டியிருந்த அந்த வீட்டின் முன்னறைதான் பதிப்பகம். ஆட்டிசம், மனச்சிதைவு, பேச்சுப் பயிற்சி என்று சுவரோரம் கட்டுக்கட்டாகப் புத்தகங்கள். பதிப்பாளர் விஜயகுமாரிக்கு அறுபது தாண்டியிருக்கும். புத்தகத்தை வாங்கிக்கொண்டார். திறந்து பார்க்கவில்லை.

பொருளடக்கத்தில் பன்னிரண்டு இயல்கள் இருந்தன. கடைசி இயலின் பெயர் ‘நமக்குப் பிறகு’. ஆனால் பதினொன்றாவது முடிந்த கையோடு பின்னட்டை வந்துவிடுகிறது.

ரோஸ்லினின் தம்பி கலைவேந்தனுக்கு இருபத்தொன்பது வயது. பேச்சு வராது. ஏழு வருஷமாக அம்மா இந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவனைப் பார்த்துக்கொண்டாள். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒரு தாய்’ என்று மட்டும் போட்டிருக்கும். அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. கடைசி இயல் இல்லாததைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை.

அம்மா போய் நான்கு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு அவன் யாரையும் நகம் வெட்ட விடவில்லை.

குளித்ததும் வெட்டுங்கள், நாளுக்கு ஒரு விரல் போதும் என்று புத்தகம் சொன்னது. ரோஸ்லின் அப்படியே செய்து பார்த்தாள். நகவெட்டியைக் கண்டதுமே அவன் வாசலுக்கு ஓடினான். மறித்தால் கீறினான். அவளுடைய இரண்டு கைகளிலும் முழங்கை வரை ஆறாத கோடுகள்.

இன்றைக்கு அவனை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டு கிருமாம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறியிருக்கிறாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

“எல்லாக் காப்பியும் இப்படித்தாம்மா” என்றார் விஜயகுமாரி. “அந்த இயலை எழுதவே இல்ல.”

“எழுதாமயா பேரு போட்டீங்க?”

“எழுதிடலாம்னு நெனச்சு போட்டது.”

ரோஸ்லினுக்குக் குரல் ஏறிவிட்டது. “அந்தம்மா நம்பரு குடுங்க, நானே கேட்டுக்கிறேன். எங்கம்மா செத்துட்டாங்க. இனிமே நான் இன்னா பண்றதுன்னு அவங்கதானே சொல்லணும்?”

அப்போது உள்கதவு திறந்தது.

நரைத்த தலையோடு ஓர் ஆள் வந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டையின் எல்லாப் பொத்தான்களையும் கழுத்து வரை போட்டிருந்தார். ரோஸ்லின் அங்கே நிற்பதையே அவர் பார்க்கவில்லை. நேராக விஜயகுமாரியிடம் போய், அவருடைய கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டார்.

விஜயகுமாரி ஐந்து விரல்களாலும் மெல்ல அழுத்தினார். ஒரு வார்த்தை பேசவில்லை. கையை எடுக்கவும் இல்லை. அந்த ஆள் தானாகவே விலகும்வரை அப்படியே இருந்தார்.

இது மூன்றாம் இயல். ரோஸ்லினுக்கு மனப்பாடம். ஐந்து விரல்கள், பேசக் கூடாது, பிள்ளை விலகும்வரை நாம் கையை எடுக்கக் கூடாது. அம்மா தினமும் சாயங்காலம் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள்.

அந்த ஆள் வந்த வழியே உள்ளே போனார்.

ரோஸ்லினின் கோபம் போன இடம் தெரியவில்லை. நம்பர் கேட்டதற்காக மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள்.

விஜயகுமாரி நாற்காலியை அவளுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்தார்.

“அம்மா போன அன்னிக்கு தம்பி இன்னா பண்ணான்? அவங்க இனிமே வரமாட்டாங்கன்னு அவனுக்கு எப்ப புரிஞ்சிது? நீதாம்மா சொல்லணும். எனக்குச் சொல்ல வேற யாரும் இல்ல.”

வெளியே நாற்று வயலில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ரோஸ்லின் புடவைத் தலைப்பை இழுத்துக் கைகளை மூடிக்கொண்டாள்.

“ரெண்டு நாளு தேடினான் மேடம்” என்றாள். “அப்புறம் சரியாயிட்டான்.”

விஜயகுமாரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா தாளைத் தொடவில்லை.