ஏரிக்கரை டீயின் ருசி

ஒரகடம் தாண்டி, கழிவுநீர் லாரி ஒன்று ஏரிக்குப் பின்பக்கத்தைக் காட்டி நிற்கிறது. நாலு மணி வெயிலில் தண்ணீர் புதுத் தகரம் போல மின்னுகிறது. ஓட்டுநர் ஏகாம்பரத்தின் வலக்கையில் தடித்த குழாயின் வாய், இடக்கையில் பாதி குடித்த டீ கிளாஸ். கரைக்கு எதிரே கடை போட்டிருக்கும் நாங்குநேரி நாச்சியார் கிளாஸைத் திரும்ப வாங்கத்தான் வந்தாள். குழாயைப் பார்த்ததும் லாரிக்கும் ஏரிக்கும் நடுவே இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள். "அண்ணாச்சி, ஒரு சொட்டு உள்ள விழப்பிடாது." ஏகாம்பரம் கத்தரிக்காய்க்கு விலை பேசுகிற குரலில் இறங்கி வருகிறார். "முழு லோடு வோணாங்க்கா, பாதி." "கால் லோடும் கிடையாது." "மூணு மாசமா நீ கடைய மூடினப்புறம் இங்கதான் ஊத்திக்கினு கீறேன். யாருக்கு இன்னா ஆச்சு? மீன்கூட துள்ளிக்கினு கீது." பேரம் படியவில்லை என்றதும் ஐஸ் வைக்கிறார். "உன் டீ மாதிரி வராதுக்கா. இந்த ரோட்லயே தனி ருசி." இன்னொரு வாய் உறிஞ்சுகிறார்.

நாச்சியாரின் முகம் வெளுக்கிறது. கை மட்டும் மெல்ல எழுந்து, கரையடியில் ஏரி ஊற்றை நம்பியிருக்கும் கிணற்றைக் காட்டுகிறது. "டீக்குத் தண்ணி அதுலதான் எடுக்கேன் அண்ணாச்சி. மூணு மாசமா நீங்க ஊத்துனதுல்லாம் அங்க ஊறி, உங்க கிளாசுக்கே வந்திருக்கு."

கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக் கடக்கிறது. ஏகாம்பரத்தின் கன்னம் உப்பியிருக்கிறது. விழுங்கவும் முடியவில்லை, கடைக்காரி எதிரே துப்பவும் முடியவில்லை. அப்படியே குனிந்து குழாயைச் சுருட்டத் தொடங்குகிறார்.