கருகாத ரூட்

"வெள்ளிங்க மேடம், சுத்த வெள்ளி! டார்ச் அடிச்சுப் பாருங்க," என்றார் பட்டறை மேலாளர்.

ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு அகலமான எவர்சில்வர் குழாய் அது. வாங்கும் நிறுவனம் அனுப்பிய பெண் பரிசோதகர் முழங்காலிட்டு, வெல்டிங்கின் உட்பக்க விளிம்பை, அதாவது ரூட்டை, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஓரிடம் கருகியிருந்தாலும் நாற்பது குழாய்களும் திரும்பிவிடும். பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

உள்ளே ஒரு மூக்குக்கண்ணாடி கிடந்தது. அதன் ஒடிந்த காம்பில் நூல் சுற்றியிருந்தது. அதை எடுத்துத் துடைத்தவர், யாரையும் கேளாமல் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வெல்டிங் அப்போ உள்ள ஆர்கான் வாயு ஓடுச்சா?"

"ஓடாமலா? உள்ள இருந்த காத்தை மொத்தமா வெளிய தள்ளிட்டுத்தான் பத்தவச்சதே. கொஞ்சம் காத்து மிச்சம் இருந்தாலும் தீஞ்ச சர்க்கரை மாதிரி ஆயிருக்குமே!"

ஃபோர்மேன் தம் பங்குக்குத் தாளம் போட்டார். "ஒரு கொசு உள்ள போயிருந்தாக்கூடச் செத்திருக்கும் மேடம்!"

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். பரிசோதகர் சிரிக்கவில்லை.

"வெல்டரைக் கூப்பிடுங்க."

"அவர் தவறிட்டாருங்க. மாரடைப்பு. இதுதான் அவர் போட்ட கடைசி ஜாயின்ட். தங்கமான கை!" மேலாளர் உச்சுக்கொட்டினார், கண் மட்டும் பரிசோதகர் கையிலிருந்த படிவத்தை விட்டு அகலவில்லை.

குழாயின் மேல் வெல்டர் எழுதியிருந்த தேதியைப் பரிசோதகர் படிவத்தில் குறித்தார். அதன் கீழே, 'அன்று வேலை முடியும்வரை ஆர்கான் நிற்காமல் ஓடியது' என்று எழுதினார்.

"சரியா இருந்தா கையெழுத்துப் போடுங்க. பாஸ் பண்ணிடறேன்."

தேதியைப் பார்த்த ஃபோர்மேன், மேலாளரின் முழங்கையை மெல்ல இடித்தார்.

"சும்மா இருய்யா, நல்ல நேரத்துல!" என்று அதட்டிவிட்டு, மேலாளர் கையெழுத்திட்டார்.

பரிசோதகர் 'ஏற்கப்பட்டது' என்ற முத்திரையை அழுத்திப் பதித்தார். பிறகு, கைப்பையிலிருந்து வேறொரு தாளை எடுத்துப் பக்கத்தில் விரித்தார். அதே தேதி; அதே கையெழுத்து. வெல்டரின் சாவு குறித்து மேலாளர் போலீசுக்கு எழுதிக்கொடுத்த அறிக்கை அது.

'அன்று குழாயில் வாயு செலுத்தப்படவே இல்லை. வேலையைச் சரிபார்க்க உள்ளே சென்றவர், மாரடைப்பால் இறந்தார்.'

மேலாளர் தாளை எட்டிப் பிடிக்கப் பார்த்தார். "மேடம்... இது எப்படி உங்க கைக்கு...?"

பரிசோதகர் இரண்டு தாள்களையும் ஒன்றாக மடித்து, மூக்குக்கண்ணாடியோடு சேர்த்து வைத்தார்.

"அந்தக் கண்ணாடிக்கு நூல் சுத்திக் குடுத்தவ நான். அவனோட அக்கா."