முக்கு டிரைவர்

"சாவியைத் திருப்புங்கண்ணே. ஸ்டார்ட் பண்ண வேண்டாம், ஆன் மட்டும் பண்ணுங்க," என்றான் லாரிக்கு அடியில் படுத்திருந்த எலக்ட்ரீஷியன்.

டிரைவர் சீட்டில் இருந்தவன் திருப்பினான்.

"சத்தமே இல்லையே. பெட்ரோல் பம்ப் டிக் டிக்னு அடிக்கணும்."

"அடிக்காது தம்பி. உட்கார்ந்திருக்கிறது நானாச்சே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் மணியைப் பார்த்துக்கொண்டான். பதினோரு மணிக்குள் வண்டியோடு கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். வெளியூர் வேலை, தங்க வீடும் தருகிறார்கள். தவறினால் வரிசையில் அடுத்த ஆள் தயார். மனைவியும் பிள்ளையும் மூட்டை முடிச்சோடு வீட்டில் காத்திருக்க, டயருக்குக் காற்றுப் பிடித்து வரலாம் என்று எடுத்த வண்டி தெருமுக்கில் வந்து படுத்துக்கொண்டது.

அந்த முக்கில் நிற்பது அவனுக்குப் புதிதல்ல. அப்பா பக்கத்தில் இருந்தால் அந்தப் பழைய மினி லாரி சமர்த்தாக ஓடும். அவன் தனியாக, கொஞ்சம் தூரமாகக் கிளம்பினால் போதும், முக்கு வரை வந்து மூச்சை விட்டுவிடும். இருபது வருஷத்தில் ஆறு தடவை. அதில் மூன்று, டிரைவர் வேலை கேட்டுக் கிளம்பிய நாட்கள். தெருவே கூடி 'முக்கு டிரைவர்' என்று பெயர் வைத்துவிட்டது.

ஒவ்வொரு தடவையும் அப்பா வீட்டிலிருந்து ஆடி அசைந்து வருவார். ஏறி உட்கார்ந்து, குனிந்து சீட்டை ஓர் இழுப்பு இழுத்து முன்னால் தள்ளிக்கொள்வார். சாவியைத் திருப்புவார். கொஞ்ச நேரத்தில் வண்டி உறுமும்.

"உனக்குக் கைராசி இல்லடா," என்பார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"விடுப்பா, நமக்குக் கொடுத்து வெச்சது அவ்வளவுதான்," என்று அம்மா தேற்றுவாள். அவனும் நம்பினான். அப்பா ஓட்ட, பின்னால் லோடு ஏற்றி இறக்கியே தலை நரைத்துவிட்டது.

அப்பா போய் ஒரு மாதம் ஆகிறது. இந்த ஒரு மாதமும் உள்ளூர் லோடு எல்லாம் அவன்தான் ஓட்டினான். வண்டி ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. போகிற போக்கில் கைராசியைத் தனக்கு எழுதி வைத்துவிட்டார் மனுஷர் என்று நினைத்து, ஒரு நாள் தனியாக அழக்கூடச் செய்தான்.

எலக்ட்ரீஷியன் ஃப்யூஸைக் கழற்றிப் பார்த்தான், நன்றாக இருந்தது. பேட்டரியிலிருந்து நீளமாக ஒரு வயரை இழுத்து, நேராகப் பம்பில் தொட்டான். டிக் டிக் டிக். கார்புரேட்டரிலிருந்து கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டிருந்த ஹோஸில் பெட்ரோல் குபுகுபுவென்று கொட்டியது.

"பம்ப் கல்லு மாதிரி இருக்கு. அதுக்குக் கரண்ட்தான் போகல."

"அப்ப முக்கு வரைக்கும் மட்டும் எப்படி வருது?"

"கார்புரேட்டருக்குள்ள ஒரு கிண்ணம் பெட்ரோல் எப்பவும் தங்கியிருக்கும். அது தீர்ற வரைக்கும் ஓடும். உங்க வீட்டுக்கும் இந்த முக்குக்கும் அளந்து வெச்ச மாதிரி இருக்கு."

அதற்குள் அம்மா சொம்பில் தண்ணீரோடு வந்துவிட்டாள். காலையில் வண்டிக்குள் ஏறி சீட்டு, ஸ்டீயரிங் எல்லாம் துடைத்துக் கொடுத்த துணி இன்னும் தோளில் கிடந்தது.

"நின்னுடுச்சா? உங்கப்பா ராசி அவரோட போச்சுப்பா. இந்தத் தண்ணியக் குடி. உள்ளூர்லயே கஞ்சியோ கூழோ குடிச்சுக்கிட்டு ஒண்ணா இருந்துடலாம்."

"சும்மா இரும்மா. மணி பத்தரை ஆயிடுச்சு."

எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லாம்ப்பை வைத்து வயரைப் பிடித்துக்கொண்டே போனான். ஃப்யூஸ் பக்கம் லாம்ப் எரிந்தது, பம்ப் பக்கம் எரியவில்லை. நடுவில் வயர் டிரைவர் சீட்டுக்கு அடியில் நுழைந்தது.

"கொஞ்சம் இறங்குங்கண்ணே."

சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். டக் என்று ஒரு சத்தம். வண்டிக்கு அடியில் டிக் டிக் டிக்.

"அட, திருட்டுப் போகாம இருக்க வெக்கிற சுவிட்சு. இதை ஆஃப் பண்ணிட்டா பம்புக்குக் கரண்ட் கிடையாது. வீட்டுல யாரும் சொல்லலையா உங்களுக்கு?"

ஹோஸை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது.

அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. குனிந்து சீட்டை இழுக்கிற அப்பாதான் கண்முன் வந்தார். ஆறு தடவையும் அந்தக் குனிந்த முதுகைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கிறான்.

"இருபது வருஷம்மா," என்றான். "ஊரே சிரிச்சுது. பெத்த புள்ளைக்கு இப்படிக் குழி பறிப்பாரா ஒரு மனுஷன்? செத்தும் விடமாட்டேங்கறாரே. அந்த ஆளுக்காகவா நான் போன மாசம் அழுதேன்?"

எலக்ட்ரீஷியன் சங்கடத்தோடு சாமான்களைப் பையில் போட்டான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அப்பா போய் ஒரு மாசம்னு சொன்னீங்க. நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா ஓடிச்சுன்னும் சொன்னீங்க. அப்ப இன்னிக்கு இதை ஆஃப் பண்ணினது…"

அவன் மெல்லத் திரும்பினான். அம்மா தோளில் இருந்த துணியை எடுத்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவரைத் திட்டாதடா," என்றாள். "சுவிட்ச் வெக்கச் சொன்னதே நான்தான். அவரு கடைசி வரைக்கும், உன்கிட்ட சொல்லிடலாம்னுதான் கெஞ்சிட்டு இருந்தாரு."