தாடையில் தொங்கிய மாஸ்க்

கல்லூரிப் பிள்ளைகள் பழைய வேட்டியை வெட்டித் தைத்த மாஸ்க் ஒன்றுக்குப் பிறந்ததிலிருந்தே பயம். "நோய் வந்தா முதல்ல உன் மேலதான் மோதும்" என்று தையல் ஊசி சொல்லி அனுப்பியிருந்தது.

பிள்ளைகள் அதைப் பால் பூத் துரைக்கண்ணுவுக்குக் கொடுத்தார்கள். போட்டோ எடுக்கும்வரை மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நின்றார். அவர்கள் தெருமுனை தாண்டியதும் தாடைக்கு இறக்கிவிட்டார்.

"இங்க எனக்கு என்னண்ணே வேலை?" என்று மாஸ்க் நடுங்கியபடி அவர் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கேட்டது.

"சும்மா தொங்கு தம்பி. உனக்கு ஒரு ஆபத்தும் வராது."

மாஸ்க்குக்கு அப்பாடா என்றிருந்தது.

ஒருநாள் காலையில் வளர்மதி கைக்குழந்தையோடு பால் வாங்க வந்தாள். துரைக்கண்ணு மரியாதைக்கு மாஸ்க்கை மேலே ஏற்றினார். ஏற்றியதுமே அவர் தொண்டை கரகரத்தது. உள்ளிருந்து சூடாக ஏதோ கிளம்பி வருவது மாஸ்க்குக்குத் தெரிந்தது. தொலைந்தோம் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

"பிள்ளைங்க ஆசையா கொடுத்தது, அசிங்கமாயிடக் கூடாது" என்று முணுமுணுத்த துரைக்கண்ணு, சட்டென்று அதைத் தாடைக்கு இறக்கினார்.

"தப்பிச்சே தம்பி!" என்றது பொத்தான்.

மாஸ்க் கண்ணைத் திறந்தது. எதிரே குழந்தை அவரைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, என்னை மேல ஏத்துங்க! மேல ஏத்துங்க!" என்று மாஸ்க் அலறியது.

துரைக்கண்ணு இருமினார். இருமல் மாஸ்க்கின் தலைக்கு மேலே பறந்து போனது. அதன்மேல் ஒரு துளிகூடப் படவில்லை.