பாப்பாயியின் மெட்டி

பாப்பாயியின் வீங்கிய பாதத்தில் விரல் வைத்து நாடி பார்த்தாள் நர்ஸ் அன்புச்செல்வி. பிறகு மெட்டி இறுக்கிய விரலின் நுனியை அழுத்தி விட்டாள். வெளுத்த இடம் சிவக்கவே இல்லை.

“விரலுக்கு ரத்தம் போகலீங்கம்மா. மெட்டியை வெட்டி எடுக்கோணும்.”

“எங்கூட்டுக்காரர் இருக்கறப்ப அதைக் கழட்டக் கூடாது சாமி. நேத்து அவரும்தான் வேண்டாம்னாரே.”

அப்போது மகன் சந்தோஷ்குமார் வார்டுக்குள் வந்தான்.

“அப்பன் வரலியா சாமி? காத்தால போன் கூடப் பண்ணல.”

“சளிங்கம்மா. மாத்திரை போட்டுட்டுத் தூங்கறாரு.” அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “மெட்டியை எடுத்தரச் சொன்னாருங்க.”

“அப்பனே சொன்னாரா?”

“ஆமாங்கம்மா.”

பாப்பாயி சற்று நேரம் மகனையே பார்த்தாள். பிறகு போர்வையை விலக்கிக் காலை நீட்டினாள்.

“வெட்டிருங்க சாமி.”

அன்புச்செல்வி பதமாக வெட்டி எடுத்தாள். விரலில் மெல்ல ரத்தம் ஏறியது.

“வீக்கம் வடிஞ்சதும் புதுசு போட்டுக்கலாங்கம்மா.”

பாப்பாயி அந்த மெட்டியை வாங்கி மகனின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

“உசுரோட இருந்தா உங்கப்பன் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டாரு. நீ ஊட்டுக்குப் போ சாமி. கொள்ளி வெக்கறதுக்கு உன்னையத்தான் எல்லாரும் பாத்துட்டிருப்பாங்க.”