மீனவர் குடிலில் ஓர் இரவு

கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு சின்னக் கதை சொல்கிறேன்.

கடல் சனங்களோடு அவர்கள் வீட்டிலேயே ஒரு ராத்திரியாவது தங்கிவிட வேண்டும் என்று சென்னையிலிருந்து தங்கச்சிமடம் வந்தாள் நிவேதா. ரிசார்ட் வாடகைக்கு விடும் மீனவர் குடிலில் மீனவப் பெண் செலஸ்டினா அவளுக்கு நண்டுக் குழம்பு ஊற்றினாள்.

"அக்கா, இங்கயே என் பக்கத்துல படுங்க. விடியவிடியப் பேசலாம்" என்றாள் நிவேதா.

"ஏலாது தாயி. ஏழு மணி பஸ்ஸ விட்டா பாம்பன் போய்ச் சேர முடியாது."

"சொந்த வீட்ட விட்டுட்டு பாம்பன்ல என்ன வேலை?"

"வாடகை வீடு அங்கனதான இருக்கு. இது எங்க வீடுதான். எம்மக பொறந்தது நீ உக்காந்திருக்க எடத்துலதான். போன வருசம் ரிசார்ட்டுக்காரவுக வாங்கிட்டாக. சமைக்க வரலாம், ராத்தங்கக் கூடாது."

நிவேதா சாப்பாட்டை விட்டு எழுந்தாள்.

"இன்னிக்கு ஒருநாள் மட்டும் நான் கேட்டுப் பாக்கவா?"

"கேட்டுறாத தாயி, இருக்கிற வேலையும் போயிரும்" என்றவள், வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

உங்கள் வீட்டில் நீங்களே படுத்து எழும் பாக்கியத்தை மாதா உங்களுக்குத் தரட்டும், என் செல்வங்களே.