பேச வைக்கும் சூப்

"மாமா, இன்னைக்கு அக்கா வாயைத் திறக்காம இந்தச் சமையலறையை விட்டு நான் நகர்றதா இல்லை" என்றான் மச்சான், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே.

தையல்காரர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "மெதுவா பேசுப்பா. காதுல விழுந்திடப் போகுது."

அவர் மனைவி கண்ணெதிரேதான் இருந்தாள். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், சமையலறை வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் அவளை உட்கார வைத்திருந்தார். "இன்னைக்கு நாங்களே உனக்கு காராமணி சூப் செய்யப்போறோம், பார்த்துக்கிட்டே இரு" என்று சொல்லியும் ஆயிற்று. வழக்கம்போல அதற்கும் பதில் இல்லை.

ஊரில் ஆம்பிளைகள் பெண்டாட்டி வாயை மூட என்ன வழி என்று அலைவார்கள். இந்த மனுஷன் பாடு நேரெதிர். பிடித்த பாட்டைப் போட்டுப் பார்த்தார். பேரன் போட்டோவைக் காட்டிப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியும் பார்த்துவிட்டார். ம்ஹூம். ஒரு காலத்தில் தையல் மெஷின் சத்தத்தையும் மீறி நாள் முழுக்க அவரை வறுத்தெடுத்தவள், இப்போது மாதக்கணக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மெஷின் சத்தம் மட்டுமே கேட்கும் வீட்டில் இருக்க அவருக்குப் பிடிக்கவே இல்லை.

"எத்தனை குத்தம் வேணாலும் சொல்லட்டும் மாப்ள, வாங்கிக்கிறேன். இப்படி இருந்தா நான் என்னதான் பண்ணுவேன்?"

"புலம்பாதீங்க மாமா. வெங்காயத்தைப் போடுங்க."

மச்சான் லிஃப்ட் மெக்கானிக். ஸ்பேனர் பிடிக்கிற கைதான், ஆனால் பூண்டை நசுக்குவதில் கெட்டி. தைரியமாக மேல்தட்டிலிருந்து அக்காவின் செல்லமான நான்ஸ்டிக் சட்டியையே இறக்கிவிட்டான். மற்றவர் விரல் படவிடாமல் துணி சுற்றி வைத்திருந்த சட்டி அது. நாற்காலியில் இருந்தவளின் புருவம் லேசாக உயர்ந்தது.

"புருவம், மாமா, புருவம்."

"பார்த்தேன் பார்த்தேன். நீ கிண்டு."

தையல்காரர் அடுப்பைக் கூட்டி வைத்தார். வெங்காயம் கொஞ்சம் கருகியே போயிற்று. இரவே ஊறவைத்த காராமணியைக் கொட்டி, கையோடு உப்பையும் தக்காளியையும் சேர்த்துப் போட்டார்.

"மாமா, உப்பும் புளிப்பும் முதல்லயே போட்டா பயறு வேகாதுன்னு அக்கா தலையில அடிச்சுக்குமே."

"எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா திட்டு வாங்கினவன்கிட்டயே சொல்றியா?"

அவள் இடது கை மேசையை ஒரு தட்டு தட்டியது. இரண்டு பேரும் சட்டென்று திரும்பினார்கள். அவள் உதடு அசைவதுபோல் இருந்தது, பிறகு அடங்கிவிட்டது. தையல்காரருக்கு அழுகையே வந்துவிட்டது.

"விடுங்க மாமா, சூடு பிடிச்சிருக்கு. இன்னும் கொஞ்சம்தான்" என்று மச்சான் தோளைத் தட்டினான்.

பயறு வேகிற வழியைக் காணோம். தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொதிக்கவிட்டார்கள். கடைசியில் ஒருவழியாகத் தோல் வெடித்து, பூண்டும் மிளகும் சேர்ந்து வாசனை தூக்கியது. சூப் கெட்டியாக வேண்டுமானால் பாதிப் பயறையாவது மசிக்க வேண்டும். மச்சான் கண்ணைக் காட்டினான். தையல்காரர் தயங்கித் தயங்கி எவர்சில்வர் கரண்டியைக் கையில் எடுத்தார்.

"வேணாம்ப்பா. பாவம், ஆசையா வாங்கின சட்டி."

"சட்டி போனா வேற சட்டி வாங்கலாம் மாமா. மசிங்க."

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு, கரண்டியைச் சட்டியின் அடியில் அழுத்தி இழுத்தார். கரக் என்றது. இன்னொரு இழுப்பு. கரக், கரக். கேட்கிற நமக்கே பல் கூசும், அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

பின்னாலிருந்து நாற்காலி கிறீச்சிட்டது.

"ம..."

இருவரும் சிலையாக நின்றார்கள்.

அவள் முகம் சிவந்திருந்தது. இடது கை சட்டியை நோக்கி நீண்டிருந்தது. "மர... மரக்கரண்டி" என்றாள். பிறகு மூச்சை இழுத்து, பல்லைக் கடித்து, அவரைப் பார்த்துத் தெளிவாக ஒரே வார்த்தை சொன்னாள். "மடையா."

கரண்டி தையல்காரர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. ஓடிப்போய் அவள் காலடியில் உட்கார்ந்து, மடியில் துவண்டு கிடந்த அவளுடைய வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இன்னொரு தடவை திட்டும்மா. என் தங்கம் இல்லை, இன்னும் ஒரே ஒரு தடவை."

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

"டாக்டரம்மா, பக்கவாதத்துல போன பேச்சு வந்துடுச்சு. எதைப் பார்த்தா அக்காவால திட்டாம இருக்கவே முடியாதோ, அதையெல்லாம் நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணு விடாம செஞ்சோம்."